ஆணி அடிக்காத வாத்தியார்

“அப்படியே நில்லுங்க. கையை எடுக்காதீங்க. இப்ப நீங்க செஞ்சது என்ன?”

சோற்றுப் பானையின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் தூக்கியபடி நான் நிற்கிறேன். ஆவி முகத்தில் அடிக்கிறது. சத்துணவுக் கூடத்து வாசலில் வெங்கடாசலம் வாத்தியார் ஒரு கையில் சாக்கட்டியும் மறு கையில் வேட்டி நுனியுமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு என் பானையைப் பார்க்கிறார்கள்.

“மூடியத் தொறந்தேனுங்க,” என்றேன்.

“அது வேலைங்க அமலியக்கா. நான் கேக்கறது இயந்திரம்.”

பிள்ளைகள் ஒரே குரலில் நெம்புகோல் என்று கத்தினார்கள். வாத்தியார் மகிழ்ந்துபோய்ப் பானையைச் சுற்றி வந்து பாடம் நடத்தினார். பானையின் விளிம்பு தாங்குபுள்ளி. மூடி பளு. என் கை திறன். திறன் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பதைப் பாடம் முடிந்த பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. அதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது.

இது அவருடைய அன்றாட வழக்கம். செம்மநத்தம் போகிற மலைப் பாதையில் மேட்டின்மேல் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அந்தப் பாதையில் போகிற யாரும் கையில் ஒரு சாமானோடு அவரைத் தப்பிப் போக முடியாது. மரம் பிளக்கிறவர் கோடாலியை ஓங்கினால் ஓங்கிய இடத்திலேயே நிறுத்தச் சொல்லி, அது ஆப்பு என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். மூட்டையைத் தூக்க மாட்டாமல் பலகை சாய்த்து உருட்டுகிறவரைப் பாதிப் பலகையில் நிறுத்திச் சாய்தளம் என்பார். மூட்டை அந்தப் பாதியிலேயே நிற்குமா? உருண்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். “பாத்தீங்களா கண்ணுகளா, எறங்கறதும் சுலபம்,” என்பார் வாத்தியார். இயந்திரம் என்பது வேலையைச் சுலபமாக்குவது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவர் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊரில் வேலை நின்றுவிடும்.

அவர் கணக்கில் உலகத்தில் இயந்திரங்கள் ஆறுதான். நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு. ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்று நான் ஒருமுறை சொன்னதும் வாத்தியார் முகம் மலர்ந்தது. “பாருங்க, நாளைக்கு ஒண்ணு,” என்றார். ஏழாம் நாள் ஆண்டவர் ஓய்ந்திருந்தார் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அன்னிக்கு எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டிருப்பாருங்க,” என்றார். இதை எங்கள் மாதா கோயில் சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வெகு நேரம் இருமினார்.

ஆறுக்குள் அடங்காத சாமான் எதையாவது கண்டால் வாத்தியாருக்கு மனசு சரியாக இருக்காது. என்னுடைய மாவுச் சல்லடை அவரைப் படாத பாடு படுத்தியது. அதைத் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அதன் வழியே பிள்ளைகளையும் பார்த்தார். நெம்பவும் இல்லை, உருளவும் இல்லை, திருகவும் இல்லை. ஆனால் வேலை செய்கிறது. கடைசியில் ஒரு நாள் வந்து, “அது இயந்திரமே இல்லீங்க. ஓட்டை வுட்ட தட்டு,” என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சல்லடையை அவர் பார்க்கிற பார்வை, எதிர்க்கட்சிக்காரரைப் பார்க்கிற பார்வை.

காலையில் நான் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் அவர் வகுப்பில் வாய்ப்பாடு நடக்கும். எண் வாய்ப்பாடு இல்லை. “நெம்புகோல்…” என்று வாத்தியார் இழுப்பார். “எங்கள் வேலையைச் சுலபமாக்கும்,” என்று பிள்ளைகள் முடிப்பார்கள். “கப்பி…” “எங்கள் வேலையைச் சுலபமாக்கும்.” மாதா கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லுகிற அதே இழுப்பு, அதே இறக்கம். விறகுப் புகையில் கண் கலங்கி நிற்கும்போது சிலுவை போட என் கை தன்னால் நெற்றிக்குப் போய்விடும். திருகு வரைக்கும் வந்த பிறகுதான் இது பள்ளிக்கூடம் என்று நினைவு வரும்.

இவ்வளவு சொல்லுகிறவருக்குக் கை மட்டும் வாகாக வராது. ஊறுகாய் ஜாடியின் திருகு மூடியோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இறுக்குகிற பக்கமே திருப்பிக்கொண்டிருப்பார். திருகுக்கு எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் போடவில்லையாம். குடை விரித்தால் மடங்காது. மடங்கினால் விரியாது. குடையில் மட்டும் எத்தனை நெம்புகோல் இருக்கிறது தெரியுமா என்று நனைந்துகொண்டே சொல்லுவார்.

அவர் ஊர் மலைக்குக் கீழே, ஓமலூர்ப் பக்கம். வீடு, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் எல்லாம் அங்கேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து இறங்குவார். திங்கட்கிழமை காலையில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, முகம் வெளிறி, ஏறி வருவார். வளைவுக்கு வளைவு அவருக்கு வாந்தி. “இந்த மலை ரோடு இருக்குதே, அது ஒரு திருகுங்க அமலியக்கா. மலையச் சுத்திச் சுத்தி மேல ஏறுதில்ல? வெறும் சாய்தளத்தச் சுருட்டி வெச்சது. திங்கக்கெழமையானா என்னை உள்ள வெச்சு முடுக்கறாங்க, வெள்ளிக்கெழமை கழட்டறாங்க,” என்பார். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்க ஓடுவார்.

சின்ன மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயசு இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ உங்கப்பா என்ன பண்ணுகிறார் என்று கேட்டதற்கு, “எங்கப்பா சனிக்கெழமை,” என்று சொன்னாளாம். வேலைக்குப் பெயர் சொல்வதுபோல அந்தக் குழந்தை கிழமையைச் சொல்லிவிட்டது. வாத்தியார் இதை என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு, சோற்றுத் தட்டை வாங்க வந்தவர் அதை வாங்காமலே போய்விட்டார்.

அதனால் மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்தே அவர் இறங்குவதற்குத் தயாராக இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் அவருக்கு ஓர் அறை. அந்த அறைச் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. நாள்காட்டி தரையில் சுவரோரமாகச் சாய்ந்திருக்கும். தேதி பார்க்க வேண்டுமென்றால் அவர் குந்தி உட்கார வேண்டும். குடை மூலையில் நிற்கும். கதவைத் திறந்தால் விழும். துவைத்த சட்டையைச் சன்னல் கம்பியில் செருகி வைப்பார். சன்னல் வழியே மூடுபனி வந்து அதை இன்னும் நனைத்துவிட்டுப் போகும். ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு தும்மியபடியே பாடம் நடத்துவார். அவருடைய தகரப் பெட்டி எப்போதும் மூடி, மேலே தேங்காய் நார்க் கயிறு சுற்றி, பஸ் மேலே ஏற்றுவதற்குத் தோதாக முடிச்சுப் போட்டிருக்கும். சட்டை எடுக்கக் கயிற்றை அவிழ்ப்பார், சட்டை எடுத்த பிறகு மறுபடி கட்டுவார்.

ஏனுங்க, ரெண்டு ஆணி அடிச்சுக்கிட்டா என்னங்க என்று நான் கேட்டதுண்டு.

“நாளைக்கே ஆர்டர் வந்துட்டா? நின்னு ஆணியப் புடுங்கிட்டிருக்க முடியுங்களா?” என்பார்.

ஆண்டுகள் போய் அவர் தலை நரைத்தது. நாள்காட்டி மாறி மாறித் தரையிலேயே இருந்தது.

அப்படி இருக்கும்போது, போன ஆனி மாதத்தில், பள்ளிக்கூடத்தைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வியாழக்கிழமை வரப்போகிறார் என்று தகவல் வந்தது. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருப்பதும், அதற்கு யாரை அனுப்பலாம் என்பதில் இந்த அதிகாரியின் வாய்ச்சொல்தான் எடுபடும் என்பதும் வாத்தியார் காதுக்கு வந்துவிட்டது. அவர் பிள்ளைகளிடம் எதையும் மறைக்கிறவர் அல்ல. வகுப்பிலேயே சொன்னார். சார் நல்ல பேர் வாங்கினால் சார் வீட்டுக்குப் போகலாம். பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். காப்பி எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும்போது வாத்தியார் ஒரு வேலை சொன்னார். “உங்க ஊட்டுல இருக்கிற எளிய இயந்திரம் எல்லாம் இன்னிக்கே இங்க வந்து சேரணும் கண்ணுகளா. கண்காட்சி வெக்கறோம். ஒண்ணு வுடக்கூடாது.”

எங்கள் மலைப் பிள்ளைகள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஒன்றையும் விடவில்லை.

கடப்பாரைகள் வந்தன. மம்முட்டிகள் வந்தன. கோடாலி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, பாக்குவெட்டி, மிளகு பறிக்கிற ஏணி, தள்ளுவண்டிச் சக்கரம் எல்லாம் வந்தன. ஒரு பையன் வீட்டுக் கதவையே கழற்றப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு, கதவுக் கீலை மட்டும் கொண்டுவந்தான். காவேரி என்று ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், உள்ளங்கையளவு முகம். அவள் வீடு ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில். அவள் கிணற்றுக் கப்பியைக் கயிற்றோடு தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். யார் கழற்றிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. என்னுடைய சத்துணவுக் கூடத்திலிருந்து அரிவாள்மனையும் துருவியும் போயின. அவற்றை எடுத்துக் கொடுத்தது வாத்தியாரேதான்.

நீளப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு எல்லாவற்றையும் அடுக்க வைத்தார். என்னிடம் சோற்றுப் பசை வாங்கி, ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் பெயர்ச்சீட்டு எழுதிப் பெஞ்சில் ஒட்டினார். சாமானை அடுக்கியது பிள்ளைகள். சீட்டு எழுதியது அவர். ஒவ்வொரு எழுத்தும் கல்வெட்டு மாதிரி. பிறகு வகுப்பைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் பேரில் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டார். ஏற்றினேன். வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் ஊரே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது.

களை வெட்டுகிற பருவம். எஸ்டேட்டில் காலையில் கணக்கெழுதுகிற ரைட்டர் வேலைக்குப் பேர் போடும்போது மம்முட்டியோடு நிற்காதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. கண்ணாயி முன்னால் வந்தாள். எங்கள் லைனில் அவள் வாய்க்கு எதிர் வாய் கிடையாது.

“ஏனுங்க வாத்தியாரே, என் மம்முட்டிய என்ன குத்தத்துக்குங்க உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கறீங்க?”

“குத்தமெல்லாம் இல்லீங்க. அது மூணாம் வகை நெம்புகோலுங்க. பதினோரு மணிக்கு அதிகாரி வந்து பாத்துட்டா உடனே அனுப்பிடறேன்.”

“அப்படீன்னா ஜாமீன்ல வுடுங்க. சாயங்காலம் நானே கூட்டியாந்து ஒப்படைக்கறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. கதவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். ஈரச் சட்டை. ஒரு தும்மல் வேறு. எதற்காக நிற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்ணாயி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

“போவட்டும் வுடுங்க. அவரு சின்னப் புள்ளைக்குச் சனிக்கெழமை போக மத்த நாள்லயும் ஒரு அப்பன் வேணுமில்லீங்களா.”

அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அரை ஆள் கூலி போனால் போகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிணற்றில் கப்பி இல்லாததால் நான் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தேன். அரிவாள்மனை இல்லாததால் கத்திரிக்காயை முழுசு முழுசாகச் சாம்பாரில் போட்டேன். உள்ளே ஆறு வகை இயந்திரங்களும் பூட்டுக்குள் அமைதியாக இருந்தன. வெளியே ஊர், கை கட்டி உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணி ஆயிற்று. அதிகாரி வரவில்லை. வாத்தியார் படிக்கும் பாதைக்குமாக நடந்தார். அப்போது கீழ் வளைவுப் பக்கத்திலிருந்து ஐயாக்கண்ணு மூச்சிரைக்க ஏறி வந்தார். அவர் சொந்தமாகக் கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சும் வைத்திருக்கிற பெரிய மனிதர். எதையும் அவசரமாகச் சொல்லாதவர்.

“ஏனுங்க வாத்தியாரே, உங்க அதிகாரி வளைவுல ஜீப்போட நிக்கறாருங்க. ராத்திரி மழைல பெரிய கல்லு ஒண்ணு உருண்டு ரோட்டுல குந்தியிருக்குது.”

“எடுக்கச் சொல்லுங்களே.”

“எடுக்கலாமுங்க. கடப்பாரை வேணும்.”

“கடப்பாரை கண்காட்சியில இருக்குதுங்க.”

“அதாங்க. ஊர்ல இருக்கிற அத்தனை கடப்பாரையும் அங்கதான இருக்குது.”

வாத்தியார் கதவைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். சாமான் இருந்தால் பார்க்க ஆள் வராது. ஆள் வந்தால் பார்க்கச் சாமான் இருக்காது. தாங்குபுள்ளி நகர்ந்துவிட்ட கம்பு மாதிரி அவர் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கல்லை நகர்த்தாமல் அதிகாரியை மட்டும் நடத்திக் கூட்டிவர முடியாதா என்று கேட்டார். அவருக்கு முட்டி வலியாம், ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார் என்றார் ஐயாக்கண்ணு. கடைசியில் வாத்தியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கடப்பாரை மட்டும், வேலை முடிந்ததும் அதே பெஞ்சில், அதே சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

கடப்பாரைக்குத் திறந்த கதவு எல்லாவற்றுக்கும் திறந்த கதவாயிற்று. மண்ணைப் பறிக்க மம்முட்டி வேண்டுமே என்று கண்ணாயி உள்ளே போனாள். வேரை வெட்டக் கோடாலி வேண்டுமே என்று இன்னொருவர் போனார். கப்பி எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, அதுவும் போயிற்று. ஒரே நிமிஷத்தில் பெஞ்சுகள் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டன.

சமையல் இறக்கியாகிவிட்டது என்பதால் நானும் பிள்ளைகளோடு வளைவுக்குப் போனேன். கல் படுத்திருக்கிற எருமை அளவு இருந்தது. ஐயாக்கண்ணு தலைமையில் ஆண்கள் கடப்பாரைகளைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, முட்டுக்குச் சின்னக் கற்களை வைத்தார்கள். கண்ணாயி முன்பக்கத்து மண்ணைப் பறித்துப் பள்ளம் ஆக்கினாள். வாத்தியார் ஒரு மேட்டில் ஏறி நின்று, சாக்கட்டி பிடித்த கையை நீட்டி, “அதாங்க தாங்குபுள்ளி, அத நல்லாப் பாத்துக்குங்க கண்ணுகளா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லுவதற்கு முன்பே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அவர் சொல்லுவதும் நடந்துகொண்டிருந்தது.

ஆண்கள் தம் பிடித்து நெம்பும்போது காவேரிதான் முதலில் ஆரம்பித்தாள்.

“நெம்புகோல்…” என்று கீச்சுக் குரலில் இழுத்தாள்.

“எங்கள் வேலையைச் சுலபமாக்கும்,” என்றார்கள் பிள்ளைகள் எல்லாரும்.

கல் கொஞ்சம் அசைந்தது. “கப்பி…” என்றாள் காவேரி. இந்தமுறை நெம்புகிறவர்களும் சேர்ந்து, “எங்கள் வேலையைச் சுலபமாக்கும்,” என்று ஓங்கிப் போட்டார்கள். பாரம் இழுக்க ஒரு பாட்டுக் கிடைத்தால் போதும், எங்கள் ஆட்களுக்குச் சொல் என்னவாக இருந்தாலும் சரி. திருகு வரைக்கும் வந்தபோது கல் புரண்டு, ரோட்டைத் தாண்டிப் பள்ளத்துச் செடிகளுக்குள் இறங்கிப் போயிற்று. ஜீப்புக்குள்ளிருந்து யாரோ கை தட்டுகிற சத்தம் கேட்டது. அதிகாரி முட்டி வலியை மறந்து இறங்கி நின்றிருந்தார்.

கல் போனதும் மணியைப் பார்த்தார்கள். மத்தியானப் பேர் போடுகிற நேரம் ஆகிவிட்டது. கடப்பாரையும் மம்முட்டியும் தோளில் ஏறின. வாத்தியார் பெஞ்சு, சீட்டு என்று சொல்லிக்கொண்டே பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார். பிறகு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அதிகாரி கண்காட்சியைப் பார்வையிட்டார். நெம்புகோல் என்று ஒரு சீட்டு; பின்னால் வெறும் பலகை. கப்பி என்று ஒரு சீட்டு. பின்னால் ஈரம் காய்ந்த வட்டம். ஆப்பு, சாய்தளம், எல்லாம் எழுத்து அழகாக, வரிசையாக, ஒன்றுமில்லாததற்கு முன்னால் ஒட்டியிருந்தன. அவர் ஒவ்வொன்றாக நின்று படித்தார். வாத்தியார் நெற்றியில் வேர்வை.

“இதெல்லாம் எங்கம்மா?” என்று அதிகாரி பக்கத்தில் நின்ற காவேரியைக் கேட்டார்.

“வேலைக்குப் போயிருக்குதுங்க,” என்றாள் காவேரி.

அதிகாரி காலிப் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சன்னல் பக்கம் போனார். கிணற்றில் கப்பி கிறீச்சிடுகிற சத்தம் அங்கே கேட்டது. அதைச் சுட்டிக்காட்டி, கேட்டீர்களா, கேட்டீர்களா என்று தன்னோடு வந்தவரிடம் சொன்னார். வாத்தியாரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பிரமாதம். எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். உண்மையைச் சொல்லுங்க, அந்தக் கல்லை நீங்கதானே அங்க வைக்கச் சொன்னீங்க?”

வாத்தியார் தரையைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை அவர் அடக்கமாகப் புன்னகை செய்து கழித்துவிட்டார்.

நான் சாப்பாடு கொண்டுவந்தேன். முழுக் கத்திரிக்காயைப் பார்த்த அதிகாரி, நறுக்காமல் போட்டால்தான் தனி ருசி என்று பாராட்டினார். இன்றைக்கு எதைப் போட்டிருந்தாலும் பாராட்டியிருப்பார். அவர் இரண்டாம் தடவை சாம்பார் கேட்ட நேரம் பார்த்து, வாத்தியார் மெல்ல வாயைத் திறந்தார். கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், ஓமலூர்ப் பக்கம், குடும்பம் அங்கே இருக்கிறது என்றார். கடைசியில் குழந்தை என்று ஆரம்பித்து அதை முடிக்கவில்லை.

“கீழேயா? உங்களையா?” என்றார் அதிகாரி. “கீழே கல்லு எங்க இருக்கு? அங்க யார் வேணும்னாலும் பாடம் நடத்துவாங்க. மலையையே பாடமா நடத்துற ஆள் மலையிலதான் இருக்கணும். நான் இருக்கிற வரைக்கும் உங்களை இங்கிருந்து யாரும் அசைக்க முடியாது. கவலைப்படாதீங்க.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்தது, சார் போகவில்லை என்பது மட்டும்தான். வாத்தியாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கே இறங்குவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

சாயங்காலம் மம்முட்டியோடு திரும்பி வந்த கண்ணாயி செய்தியைக் கேட்டாள். மம்முட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “நல்லா நெம்புனோமுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல வாத்தியார் பஸ் ஏறினார். திங்கட்கிழமை எலுமிச்சம்பழத்தோடு ஏறி வந்தார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொன்னேன் என்றார். சின்னவள் ரொம்ப யோசித்துவிட்டு, சனிக்கிழமையாவது இருக்குமில்ல என்று கேட்டாளாம். இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு சத்துணவுக் கூடத்துக்கு வந்து, தட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அடுப்புக்கு வெளியே கிடந்த ஒரு கருங்கல் துண்டைக் கொடுத்தேன். வெந்நீர் வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் அவர் அறை வரைக்கும் பின்னாலேயே போனேன். சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைத்துத் தட்டினார். வளைந்தது. நேராக்கி மறுபடி தட்டினார். விரலில் ஒன்று போட்டுக்கொண்டார். உதறிவிட்டு மறுபடி தட்டினார். காரை உதிர்ந்து, ஆணி உள்ளே இறங்கியது. இது என்ன இயந்திரம் சொல்லுங்க என்று இப்போது கேட்பார் என்று வாசலில் காத்திருந்தேன். கேட்கவில்லை.

தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இத்தனை ஆண்டும் திரும்பத் திரும்பக் கட்டிய முடிச்சை அவிழ்த்து, கயிற்றை முழுசாக உருவினார். ஒரு முனையை ஆணியிலும் மறு முனையை எதிரே சன்னல் கம்பியிலும் இழுத்துக் கட்டினார். பிறகு தன்னுடைய ஈரச் சட்டையை எடுத்து உதறி, சுருக்கம் நீவி, அந்தக் கயிற்றில் விரித்துப் போட்டார்.